குறுக்கே கிடந்த துடுப்பு

புங்கனஅள்ளியில் களி கிண்டும் துடுப்புக்கு இரண்டு வேலை உண்டு. ஒன்று, எல்லா ஊரிலும் அது செய்கிற வேலை. இன்னொன்று அந்த ஊருக்கு மட்டுமே சொந்தம். உச்சி வெயிலில் தொட்டிமேட்டுப் பக்கமிருந்து யாராவது கூப்பிடும் குரல் கேட்டால் பதில் கொடுக்கக் கூடாது; திரும்பிப் பார்க்கவும் கூடாது. வீட்டுக்குள் போய்த் துடுப்பை எடுத்து வாசற்படியில் குறுக்கே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். குரல் ஓய்ந்த பிறகு துடுப்பைக் கழுவி எடுத்து மறுபடியும் களி கிண்டலாம். சிலுவை மாட்டிய நிலைவாசலிலும் துடுப்பு கிடக்கும், மஞ்சள் பூசிய நிலைவாசலிலும் கிடக்கும். வேறு எந்தக் காரியத்திலும் அந்த ஊர் அத்தனை ஒற்றுமையாக இருந்ததில்லை.

தொட்டிமேடு ஊரிலிருந்து ஒரு கூப்பிடு தூரம். கடத்தூர் போகிற மண்பாதைக்கு மேற்கே, புல் முளைக்காத செம்மண் மேடு. அதன் உச்சியில் இரண்டு ஆள் நீளத்துக்கு ஒரு கல்தொட்டி பாதி புதைந்து கிடந்தது. யார் வைத்தது, எதற்கு வைத்தது என்று யாருக்கும் தெரியாது. மழைத்தண்ணீர் நின்றாலும் ஆடுமாடு அதில் வாய் வைக்காது. மேட்டின் ஒரு பக்கத்தை ரோடு காண்டிராக்டு எடுத்தவர்கள் மொரம்பு மண்ணுக்காகத் தோண்டித் தோண்டி, ஆழமான குழியாக்கிவிட்டு அப்படியே போய்விட்டார்கள். பேய்க்குப் பயந்த ஊர் அந்தக் குழிக்குப் பயப்படவில்லை.

இண்டூர்ப் பக்கத்திலிருந்து 1974இல் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள் ராஜமேரி. பள்ளி இறுதி வரை படித்தவள். மாமியார் மிக்கேலம்மாள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே துடுப்புப் பாடம்தான்.

“கொழம்பு ஒனக்கு அப்பறமா வரட்டும். மொதல்ல இதக் கத்துக்கோ. அது வேண்டியவங்க கொரல்லதான் கூப்புடும். ஒங்கம்மா மாதிரி கூப்புடும், ஒம் புருசன் மாதிரி கூப்புடும். ஏமாந்துபோயி ‘ஏன்’னு கேட்டுடாத.”

“கேட்டா என்ன ஆவுங்க அத்த?”

“கேட்டவங்க யாரு இருக்கறாங்க, வந்து சொல்றதுக்கு?”

ராஜமேரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். ஊரோடு ஒத்து வாழ் என்று சொல்லித்தானே பிறந்த வீட்டில் அனுப்பியிருந்தார்கள்.

1979, பங்குனி மாதம். அவள் புருஷன் செபாஸ்டினுக்குக் காட்டில் வேலை இல்லை. மொரம்பு வெட்டி லாரிக்கு ஏற்றுகிற கூலி வேலைக்குத் தொட்டிமேட்டுக்குப் போயிருந்தான். கூட வந்த பச்சியப்பன் வயிற்றுவலி என்று பாதியிலேயே திரும்பிவிட்டான். மிக்கேலம்மாள் கொல்லைக் காட்டில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். ராஜமேரி வீட்டில் தனியாக உட்கார்ந்து கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். வெயில் உச்சிக்கு வந்தது. காக்கைகூடக் கத்தவில்லை.

“மேரீ...”

செபாஸ்டினின் குரல். அவன் மட்டும்தான் அந்த ‘ரீ’யை அப்படி இழுப்பான். அவள் எழுந்துவிட்டாள். ஒரு கால் வாசற்படிக்கு வெளியே போய்விட்டது. அப்போதுதான் மாமியாரின் வார்த்தை ஞாபகத்துக்கு வந்தது. வேண்டியவங்க கொரல்லதான் கூப்புடும். வெளியே வைத்த காலை உள்ளே இழுத்தாள். “மேரீ...” என்று இரண்டாவது தடவை கேட்டது. துடுப்பை எடுத்து வந்து குறுக்கே வைத்தாள். கதவைச் சாத்தி அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றாள். மூன்றாவது குரல் சன்னமாக இருந்தது, பாதியிலேயே நின்றுவிட்டது.

சாயங்காலம் லாரிக்காரர்கள்தான் பார்த்தார்கள். குழியின் கரை சரிந்து கிடந்தது. மண்ணுக்கு வெளியே ஒரு கை மட்டும் இருந்தது. “பொதைஞ்ச ஒடனே உசுரு போயிருக்கும்மா, கஷ்டம் தெரிஞ்சிருக்காது” என்று ஊரே தேற்றியது. அது பொய் என்று ராஜமேரிக்குத் தெரியும். மூன்று தடவை கூப்பிடுகிற அளவுக்கு உயிர் இருந்திருக்கிறது. இல்லையென்றால், கூப்பிட்டது அவன் இல்லை. இந்த இரண்டில் எது என்று தெரியாமல் அவள் நாலு வருஷம் தூங்கினாள், எழுந்தாள், களி கிண்டினாள். மாமியாரிடம் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் மண்டியிட்டபோதுகூடச் சாமியாரிடம் சொல்லவில்லை.

1981இல் அரசாங்கத்து முதியோர் கல்வி மையம் ஒன்று ஊருக்கு வந்தது. படித்த பெண் வேறு யாரும் இல்லாததால் ராஜமேரியை டீச்சராகப் போட்டார்கள். கோயிலை ஒட்டின ஓட்டுக் கொட்டகையில் மூன்று மணிக்கு வகுப்பு. பதினோரு பெண்கள் பேர் கொடுத்தார்கள். கூலிவேலை செய்யும் காசியம்மாள் வந்தாள். ஊரிலேயே அதிக நிலமுள்ள வீட்டு மருமகள் தீர்த்தம்மாள் வந்தாள். எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கிற குள்ளம்மாள் வந்தாள். கொட்டகையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பச்சியப்பன் நின்று குரல் கொடுப்பான்: “டீச்சரம்மா, இவங்களுக்கெல்லாம் கலெக்டர் வேல எப்பங்க வருது?”

அரசாங்கம் கொடுத்த வாசகப் புத்தகம் இரண்டு மாதத்தில் அலுத்துப்போயிற்று. படி, பட்டம், பட்டை என்று எத்தனை நாள்தான் கத்துவது? ஒருநாள் குள்ளம்மாள் சிலேட்டைக் கீழே வைத்தாள்.

“எழுத்து வந்துடுச்சி, சரி. இத வெச்சிக்கிட்டு நாங்க என்னத்தப் படிக்கறது? எங்களப் பத்தி எதுலயாச்சும் எழுதியிருக்குதா?”

ராஜமேரி அதற்குப் பதில் தேடத் தொடங்கினாள். வாரத்துக்கு ஒரு கேள்வி என்று வைத்தார்கள். நம்ம ஊர்ல இது ஏன் இப்படி? ஏரிக்கரையில் ஏன் இரண்டு மதகு? கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த குடும்பங்கள் எப்போது வந்தன, எதனால் வந்தன? வீட்டில் பெரியவர்களைக் கேட்டு வருவார்கள், கொட்டகையில் வைத்துச் சண்டை போடுவார்கள், கடைசியில் ஒத்துக்கொண்டதைப் பலகையில் எழுதிப் படிப்பார்கள். இத்தனை காலம் கிணற்றடியில் புறணி பேசின அதே வாய்கள்தான். கேள்வி மாறினதும் பேச்சே மாறிவிட்டது.

மேற்பார்வையாளர் ராஜப்பன் தர்மபுரியிலிருந்து சைக்கிளில் பார்வையிட வந்தார். பலகையைப் பார்த்து முகம் சுளித்தார்.

“பாடத்திட்டத்துல சரித்திரம் இல்லீங்களே டீச்சர். அம்மா, ஆடுன்னு சொல்லிக்குடுத்தாப் போதும்.”

“ஆடுதாங்க சார் அந்தக் கல்தொட்டியில வாய் வெக்க மாட்டேங்குது” என்றாள் தீர்த்தம்மாள். “அது ஏன்னுதான் பாத்துக்கிட்டிருக்கறோம்.”

அந்தக் கேள்வி எப்படியும் ஒருநாள் வரும் என்று ராஜமேரி பயந்துகொண்டேதான் இருந்தாள். தொட்டிமேட்டில் பேய் உண்டு என்று முடிவானால் அவள் பிழைத்தாள். அன்று கூப்பிட்டது அதுதான் என்று மனசை ஆற்றிக்கொள்ளலாம். பேய் இல்லை என்று முடிவானால் அவள் புருஷன் கூப்பிடக் கூப்பிடக் கதவைச் சாத்தினவள் ஆவாள். வகுப்பை வேறு கேள்விக்குத் திருப்பிவிட்டிருக்கலாம். திருப்பவில்லை. தெரிந்தே தேடினாள்.

பங்குக் கோயிலில் செத்தவர்கள் பேர் எழுதின பழைய ஏடு இருந்தது. அந்தக் காலத்து வெள்ளைக்காரச் சாமியார்கள் லத்தீனில் எழுதினது. இப்போதைய பங்குச் சாமியார் அதை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல, ராஜமேரி நோட்டில் எழுதிக்கொண்டாள். 1877, தாது வருஷத்துப் பஞ்சம். “பெயர் தெரியாத ஆண், கஞ்சித்தொட்டி அருகில். பெயர் தெரியாத குழந்தை, கஞ்சித்தொட்டி அருகில்.” இப்படியே நாற்பத்தொரு வரி. கடைசி வரிக்கு வந்ததும் சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாகப் படித்தார்.

“பெயர் தெரியாத பெண், சுமார் முப்பது வயது. தொட்டியில் கஞ்சி ஊற்றுவது நின்ற பிறகும் அங்கேயே கிடந்தாள். மூன்று நாள் உச்சிப்பொழுதில் ஊர்க்காரர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒருவரும் வரவில்லை.”

மறுநாள் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினாள். பேர் சொல்லிக் கூப்பிட்டாள் என்றால் பேர் தெரிந்திருக்கிறது. பேர் தெரிந்தவள் அசலூர்க்காரியா?

காசியம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள். “எங்கம்மா ஒண்ணு சொல்லுவா. துடுப்பு வாசல்ல குறுக்க கெடந்தா, இந்த வூட்டுல இன்னிக்கி ஒல வெக்கலன்னு அர்த்தமாம். பிச்ச கேக்க வந்தவங்க பாத்துட்டுத் திரும்பிப் போயிடுவாங்களாம்.”

தீர்த்தம்மாளின் முகம் மாறியது. “எங்க வூட்டுல தானியக்குழி இருக்குது. தாது வருசத்துலகூட அதுல கேவுரு கொறையலன்னு எங்க மாமனாரு பெருமையாச் சொல்லுவாரு.” பிறகு, “எங்க வாசல்லயும் துடுப்பு கெடந்துதான் இருக்கும், இல்ல?” என்று கேட்டாள்.

ராஜமேரி கையிலிருந்த நோட்டை மூடினாள். இப்போது சொல்லாவிட்டால் சாகிறவரை சொல்ல முடியாது என்று பட்டது.

“எங்க வூட்டுக்காரரு செத்த அன்னிக்கி, உச்சியில எனக்குக் கொரல் கேட்டுச்சி. அவரு கொரலு. நான் துடுப்ப வெச்சிக் கதவச் சாத்திக்கிட்டேன்.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். காறித் துப்புவார்கள் என்றுதான் நினைத்தாள்.

“எனக்கும் கேட்டுச்சி” என்றாள் குள்ளம்மாள்.

சண்டைக்காரி குள்ளம்மாள் அத்தனை சின்னக் குரலில் பேசி யாரும் கேட்டதில்லை. “மேரின்னு கேட்டுச்சி. எம்பேரு இல்லையேன்னு நெஞ்சில தண்ணி வார்த்த மாதிரி இருந்துச்சி மேரி. நிம்மதியாத்தான் கதவச் சாத்துனேன்.”

“எனக்குங்கூட” என்றாள் காசியம்மாள். தீர்த்தம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். அன்று கூலிக்கு அரூர் போயிருந்த ஒருத்தியைத் தவிரப் பத்துப் பேருக்கும் கேட்டிருக்கிறது. நாலு வருஷம் ஒருவருக்கொருவர் தண்ணீர் சேந்திக் கொடுத்திருக்கிறார்கள், கல்யாணத்துக்கும் சாவுக்கும் போய் வந்திருக்கிறார்கள். தனக்கு மட்டும்தான் கேட்டது என்று ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டிருந்தாள். ராஜமேரி அன்றுதான் புருஷனுக்காக வாய்விட்டு அழுதாள்.

குழியை மூடச் சொல்லி மனு எழுதினார்கள். பதினோரு பேரும் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். மனு போன இடத்தில் தூங்கியது. இன்னொரு தீர்மானமும் செய்தார்கள், அதை எங்கும் எழுதவில்லை. இனிமேல் குரல் கேட்டால் போவது. தனியாக இல்லை, எல்லோருமாக.

பேசுவது சுலபம். 1983 சித்திரையில் அதற்கு வேளை வந்தது. இரண்டு வருஷமாக மழை இல்லை. காட்டு வேலை இல்லாததால் வகுப்பைப் பதினோரு மணிக்கு மாற்றியிருந்தார்கள். அன்று எல்லோரும் குனிந்து சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். சட்டென்று வெளியே சத்தமெல்லாம் அடங்கினாற்போல இருந்தது. ராஜமேரி நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். கொட்டகைத் தூணுக்கு நிழலே இல்லை.

“மேரீ...”

அதே இழுப்பு. அதே ‘ரீ’.

பதினோரு தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன. “என்னக் கூப்புடுது” என்றாள் குள்ளம்மாள், உதடு வெளுத்து. “இல்ல, என்னத்தான். காசீன்னு கேக்குது” என்றாள் காசியம்மாள். “தீர்த்தான்னு எங்கப்பா மாதிரி...” என்று தீர்த்தம்மாள் ஆரம்பித்து, முடிக்காமல் பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். குரல் ஒன்றுதான், கேட்டதும் ஒரே நேரத்தில்தான். ஆனால் ஒவ்வொருத்திக்கும் அவளவள் பேர் கேட்டது. என் பேர் இல்லையே என்று சொல்லிக்கொள்ள இந்தத் தடவை ஒருத்திக்கும் வழியில்லை.

இரண்டாவது தடவை கேட்டது. ராஜமேரி உட்கார்ந்தே இருந்தாள். நோட்டில் எழுதினது, பலகையில் படித்தது எல்லாம் ஒரு நொடியில் ஓடிப்போயிற்று. பயம் மட்டும் பழைய இடத்தில் அப்படியே இருந்தது. மூன்றாவது குரல் பாதியில் நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். அது வருவதற்குள் எழுந்துவிட வேண்டும் என்று நினைத்தாள். எப்படி எழுந்தாள் என்று பின்னால் அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

“ஏங்க! இதோ வரேங்க!” என்று கத்தினாள்.

புங்கனஅள்ளியில் அந்தக் குரலுக்கு ஒருவர் பதில் கொடுத்தது அதுதான் முதல் தடவை. சிலேட்டும் கையுமாகப் பன்னிரண்டு பேரும் தெருவில் இறங்கி நடந்தார்கள். அவர்கள் போகப்போக இரண்டு பக்கமும் கதவுகள் சாத்திக்கொண்டே வந்தன. கல்படியில் துடுப்பு விழும் சத்தம், பிறகு தாழ் விழும் சத்தம். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. அவள் வீட்டு வாசலில் மிக்கேலம்மாள் துடுப்போடு நின்றுகொண்டிருந்தாள். மருமகளைப் பார்த்தாள். துடுப்பைக் குறுக்கே வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

தொட்டிமேட்டில் காற்றே இல்லை. கல்தொட்டியில் ஒரு சருகு, ஒரு தூசி இல்லாமல், யாரோ வழித்து நக்கினாற்போல இருந்தது. குழியின் கரை புதிதாகச் சரிந்திருந்தது. அடியில் செம்மண்ணுக்கு மேலே ஒரு நெற்றியும் மூக்கும் மட்டும் தெரிந்தன.

“அய்யோ, பச்சியப்பண்ணன்!” என்று குள்ளம்மாள் குழிக்குள் குதித்தாள். கடப்பாறைக்கும் மண்வெட்டிக்கும் எங்கே போவது? சிலேட்டால் தோண்டினார்கள். சிலேட்டு உடைந்ததும் சட்டத்தால் தோண்டினார்கள். காசியம்மாள் அவன் தாடையைப் பிளந்து விரலை விட்டு மண்ணை வழித்தாள். வந்துகொண்டே இருந்தது. தொண்டை வரை மண் அடைத்திருந்தது. கடைசிக் கட்டி வெளியே வந்ததும் பச்சியப்பன் இருமினான்.

அவனைத் தூக்கிக் கரையில் போட்டுச் சேலைத் தலைப்பால் விசிறினார்கள். அவன் கண்ணைத் திறந்ததும் ராஜமேரி கேட்டாள்: “எங்களக் கூப்புட்டது நீங்களாண்ணா?”

“நான் எங்கம்மா கூப்புட்டேன்... செவுத்துக்கு மண்ணு வெட்ட வந்தேன், கர சரிஞ்சிடுச்சி. கத்த வாயத் தொறந்தேன், மண்ணு ஏறிடுச்சி” என்றான் பச்சியப்பன்.

தொட்டியின் பக்கம் யாரும் திரும்பவில்லை. நாலு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு நடக்க, மற்றவர்கள் பின்னால் போனார்கள். ராஜமேரி மட்டும் ஒரு நிமிஷம் குழியின் ஓரத்தில் நின்றாள். “வந்துட்டனுங்க” என்று மெல்லச் சொன்னாள். பிறகு ஓடிப்போய்க் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாள்.

அந்தக் குழி இரண்டே மாதத்தில் மூடப்பட்டது. பச்சியப்பனே முதல் கையெழுத்துப் போட்டு, ஆண்களும் சேர்ந்து இரண்டாவது மனு கொடுத்தார்கள். அந்தக் கையெழுத்தைப் போடுவதற்காகவே அவன் நாலு வாரம் கொட்டகைக்கு வந்து, கேலி பேசின அதே வாயால் படி, பட்டம் என்று படித்தான். ராஜமேரி 1988 வரை அந்த மையத்தை நடத்தினாள். நாற்பத்தொரு வரியையும் பலகையில் எழுதிவைத்து, அழிய அழியத் திரும்ப எழுதுவாள். பெரிய பதவியோ விருதோ அவளுக்கு வரவில்லை. ராஜப்பன் மட்டும் ஒரு அறிக்கையில் ‘பாடத்திட்டத்துக்குப் புறம்பான நடவடிக்கை’ என்று அவளைக் குறிப்பிட்டார்.

ஆனால் சொல்ல வேண்டியது அன்று மத்தியானம் நடந்ததைத்தான். மண்ணும் ரத்தமுமான கையோடு அவள் வீடு திரும்பினபோது கதவு திறந்திருந்தது. துடுப்பு குறுக்கேதான் கிடந்தது. அதற்கு உள்பக்கம் மிக்கேலம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“போனியா?”

“போனேங்க அத்த.”

“இருந்தானா?”

யாரைக் கேட்கிறாள் என்று புரிய ராஜமேரிக்கு ஒரு கணம் ஆயிற்று. “அவரு இல்லீங்க அத்த. பச்சியப்பண்ணன் மண்ணுல பொதைஞ்சி கெடந்தாரு. தோண்டி எடுத்துட்டோம். உசுரோட இருக்கறாரு.”

கிழவி தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். “போனா உசுரோட எடுத்துடலாமா?” என்று கேட்டாள். பிறகு சொன்னாள்: “அன்னிக்கி நான் வெறகு பொறுக்கிக்கிட்டு இருந்தேன் மேரி. அம்மான்னு கூப்புட்டான். ஒரு தடவதான். எனக்கு வெறகுக்கட்டு பெருசாப் போச்சி, தூக்கிக்கிட்டு வேற பக்கமா ஓடி வந்துட்டேன்.”

ராஜமேரி வாசற்படிக்கு வெளியே நின்றாள். மாமியார் உள்ளே இருந்தாள். நடுவில் துடுப்பு கிடந்தது. தனக்கும் கேட்டதை அவள் அப்போதுதான் மாமியாரிடம் சொன்னாள். இரண்டு பேரும் அழுது முடிக்க ரொம்ப நேரம் பிடித்தது.

பிறகு மிக்கேலம்மாள் எழுந்தாள். துடுப்பை எடுத்து முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்து அடுப்புக்குள் தள்ளினாள். அன்று களியைக் குழம்புக் கரண்டியால்தான் கிண்டினார்கள். கட்டி கட்டியாக வந்தது. கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு இரண்டு பேரும் அதைச் சாப்பிட்டார்கள்.